விபிஎஸ்ஸில் வெப் சர்வர் நினைவகத்தைத் தின்றுவிடும்போது: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

தளம் திறக்க மறுக்கிறது. டெர்மினலில் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் பல நொடிகள் கழித்துத்தான் திரையில் தெரிகிறது. சற்று நேரத்தில், தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை என்ற செய்தி வந்து நிற்கிறது. புதிதாகச் சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் இந்த இடத்தில் உடனே ரீபூட் செய்துவிடுகிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டதுபோலத் தோன்றும். மறுநாள் அதே நிலை திரும்பும். பிறகு இரண்டு மடங்கு ராம் உள்ள திட்டத்துக்கு மாறுவார்கள்; சில வாரங்களில் அதுவும் நிரம்பிவிடும்.

இந்த வழிகாட்டி 1 முதல் 4 ஜிபி ராம் கொண்ட லினக்ஸ் விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்றில் என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சியுடன் பிஎச்பி, மரியாடிபி அல்லது மைஎஸ்க்யூஎல் ஆகியவற்றை ஒன்றாக ஓட்டுபவர்களுக்கானது. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியில் கிடைத்த எண்ணை வைத்தே நடக்கிறது. கட்டளைகளையும் அமைப்புகளின் பெயர்களையும் உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்ட வேண்டும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ரூட் அல்லது சூடோ எனப்படும் நிர்வாகி உரிமை கட்டாயம் தேவை. மற்றப் பயனர்களின் பிராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) எவ்வளவு நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதைச் சாதாரணப் பயனரால் பார்க்க முடியாது. அந்த எண் இல்லாமல் 6ஆம் படியைத் தாண்ட இயலாது.

விபிஎஸ் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் உள்ள கன்சோல் வழியாக நுழைய முடிகிறதா என்று அமைதியான நேரத்திலேயே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நினைவகம் தீர்ந்த நேரத்தில் எஸ்எஸ்எச் இணைப்பே கிடைக்காமல் போகலாம்.

உங்கள் விபிஎஸ் எந்த வகை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 'சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்' கட்டளை கேவிஎம் என்று சொன்னால் உங்களுக்கெனத் தனிக் கெர்னல் (இயக்கமுறைமையின் மையப் பகுதி) இருக்கிறது; இங்கே சொல்லும் அனைத்தும் பொருந்தும். ஓபன்விஇசட் என்று சொன்னால் கெர்னல் பொதுவானது. நீங்களாக ஸ்வாப் கோப்பு (ராம் போதாதபோது வட்டில் பயன்படும் இடம்) உருவாக்க முடியாது, கெர்னல் செய்திகளும் முழுமையாகத் தெரியாது.

மாற்றப்போகும் ஒவ்வொரு அமைப்புக் கோப்புக்கும் ஒரு நகல் எடுத்து வைத்து, பக்கத்தில் ஒரு குறிப்பேட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணை எத்தனை மணிக்கு எதிலிருந்து எதற்கு மாற்றினோம் என்பதை எழுதாதவர்கள், மூன்றாவது மாற்றத்துக்குப் பிறகு எது பலன் தந்தது என்றே தெரியாமல் தவிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2. ரீஸ்டார்ட் செய்யும் முன் தடயங்களைச் சேமியுங்கள்

ரீபூட் செய்தவுடன் எந்தப் பிராசஸ் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருந்தது என்ற தகவல் முழுவதும் அழிந்துவிடுகிறது. தளம் கீழே கிடக்கிறதே என்ற பதற்றம் இயல்புதான். ஆனால் இங்கே செலவிடும் அரை நிமிடம் பின்னால் பல நாள் அலைச்சலைத் தவிர்க்கும்.

மூன்று வெளியீடுகளை ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். முதலாவது, 'ஃப்ரீ' கட்டளையின் வெளியீடு. இரண்டாவது, எல்லாப் பிராசஸ்களையும் ஆர்எஸ்எஸ் (ராமில் அப்போது பிடித்திருக்கும் இடம்) அளவின் இறங்குவரிசையில், அவை எவ்வளவு நேரமாக ஓடுகின்றன என்ற விவரத்துடன் காட்டும் 'பிஎஸ்' வெளியீடு. மூன்றாவது, கெர்னல் செய்திகளை மட்டும் காட்டும் 'ஜர்னல்சிடிஎல் -கே' வெளியீடு.

ஏற்கெனவே ரீபூட் செய்துவிட்டீர்களா? 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1' முந்தைய ஓட்டத்தின் கெர்னல் செய்திகளைத் தரும். ஆனால் வார் கோப்புறையின் லாக்கினுள் 'ஜர்னல்' என்ற கோப்புறை இருந்தால்தான் அந்தப் பதிவுகள் வட்டில் தங்கும். இல்லையெனில் அதை இப்போதே உருவாக்கிவிட்டு, ஜர்னல் சேவையை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, அடுத்த நிகழ்வுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

3. நினைவகம் உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள்

புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. 'ஃப்ரீ' வெளியீட்டில் 'ஃப்ரீ' என்ற பத்தியில் 70 எம்பி என்று பார்த்ததும் ராம் முடிந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். லினக்ஸ், சும்மா கிடக்கும் நினைவகத்தைக் கோப்புகளின் கேஷாகப் பயன்படுத்திக்கொள்ளும். ஏதேனும் பிராசஸ் கேட்டால் அந்தக் கேஷை விட்டுக்கொடுக்கும். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது 'அவைலபிள்' பத்தி. ஸ்வாப்பைத் தொடாமல் புதிய பிராசஸ்களுக்குத் தோராயமாக எவ்வளவு தர முடியும் என்பதை அதுவே சொல்கிறது.

2048 எம்பி சர்வரில் 'ஃப்ரீ' 70, 'அவைலபிள்' 900 என்றிருந்தால் நினைவகப் பிரச்சினையே இல்லை. தளம் மெதுவாக இருப்பதன் காரணத்தை வேறிடத்தில் தேடுங்கள். 'அவைலபிள்' 100க்குக் கீழே இருந்து இறங்கிக்கொண்டே போனால் தொடர்ந்து படியுங்கள்.

கேஷைக் கட்டாயமாகக் காலி செய்யும் 'டிராப் கேஷஸ்' வரியைக் கிரானில் (குறித்த நேரங்களில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் வசதி) போட்டு மணிக்கொருமுறை ஓட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள். கெர்னல் தானாக விட்டுத்தரும் இடத்தை நீங்கள் பிடுங்குவதால் பிராசஸ்களுக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. கோப்புகளை மீண்டும் வட்டிலிருந்து படிக்க வேண்டிவருவதால் தளம் மேலும் மெதுவாகிறது.

கேஷ் கணக்கில் ஒரு விதிவிலக்கு உண்டு. 'ஷேர்டு' பத்தி பெரிதாக இருந்தால், டிஎம்பிஎஃப்எஸ் எனப்படும் நினைவகத்திலேயே வாழும் கோப்பு முறைமையில் யாரோ கோப்புகளைக் குவித்திருக்கலாம். அவற்றைக் கெர்னலால் கேஷைப்போலத் தூக்கி எறிய முடியாது. 'டிஎஃப்' கட்டளையை டிஎம்பிஎஃப்எஸ் வகைக்கு மட்டும் ஓட்டினால் எந்தக் கோப்புறையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

4. கெர்னல் எதைக் கொன்றது, ஏன் கொன்றது என்று படியுங்கள்

நினைவகம் அறவே தீரும்போது கெர்னலின் ஓஓஎம் கில்லர் ஒரு பிராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொல்கிறது. கெர்னல் பதிவில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடினால் அந்த வரி கிடைக்கும்.

பெரும்பாலான சிறிய சர்வர்களில் அந்த வரியில் இருக்கும் பெயர் மரியாடிபி அல்லது மைஎஸ்க்யூஎல். இதைப் பார்த்ததும் தரவுத்தளமே குற்றவாளி என்று அதன் அமைப்புகளில் கை வைக்கிறார்கள். கொல்லப்பட்டதும் நினைவகத்தைத் தீர்த்ததும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தனித்தனிப் பிராசஸ்களில் எது பெரியது என்பதே கில்லருக்கு முக்கியம். பிஎச்பி வொர்க்கர்கள் (கோரிக்கைகளுக்குப் பதில் தயாரிப்பவை) பல சிறு பிராசஸ்களாகப் பிரிந்து இருப்பதால் அவற்றில் எதுவும் தனியாகப் பெரிதாகத் தெரிவதில்லை.

அந்த வரிக்கு மேலேயே ஆதாரம் இருக்கிறது. கொல்வதற்கு முன் கெர்னல் அந்தக் கணத்தில் ஓடிய எல்லாப் பிராசஸ்களையும் ஓர் அட்டவணையாக அச்சிடும். அதில் ஆர்எஸ்எஸ் பத்தியின் எண்கள் கிலோபைட்டில் இல்லை, பக்கங்களில் உள்ளன; வழக்கமான சர்வர்களில் ஒரு பக்கம் 4 கேபி. நான் வரிவரியாகப் படித்த ஓர் அட்டவணையில் மரியாடிபிக்கு 1,18,000 பக்கங்கள் இருந்தன, அதாவது சுமார் 461 எம்பி. அதற்குக் கீழே பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பி வொர்க்கர்களை ஓட்டும் சேவை) என்று 24 வரிகள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 17,000 பக்கங்கள். ஒன்றுக்கு 66.4 எம்பி வீதம் கூட்டினால் 1,590 எம்பிக்கு மேல். பல பிராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் பகுதி இதில் திரும்பத் திரும்ப எண்ணப்பட்டிருக்கும் என்றாலும், 2 ஜிபி சர்வரை நிரப்பியது யார் என்பதில் ஐயமே எழவில்லை. அந்தச் சர்வரில் அதுவரை மூன்று முறை தரவுத்தளத்தின் கேஷைத்தான் குறைத்திருந்தார்கள்.

அதே பதிவில் 'மெமரி சிக்ரூப்' என்ற சொல் சேர்ந்து வந்தால் கதை வேறு. சர்வரின் ராம் தீரவில்லை. ஒரு சேவைக்கோ கண்டெய்னருக்கோ யாரோ வைத்த வரம்புதான் தீர்ந்திருக்கிறது. அந்த வரம்பு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தேடுங்கள்.

5. எந்தச் சேவை எவ்வளவு பிடித்திருக்கிறது

'சிஸ்டம்டி-சிஜிடாப்' கட்டளையை '-எம்' விருப்பத்துடன் ஓட்டினால், சேவைவாரியாக நினைவகப் பயன்பாடு இறங்குவரிசையில் தெரியும். தனித்தனிப் பிராசஸ்களைப் பார்க்கும் முன் இதைப் பார்ப்பது நல்லது, ஏனெனில் முப்பது சிறு பிராசஸ்களின் கூட்டுத்தொகையைக் கண்ணால் மதிப்பிட முடியாது. இந்த எண்ணில் அந்தச் சேவை படித்த கோப்புகளின் கேஷும் அடங்கும் என்பதால், இதைத் திசைகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடப் பயன்படுத்தாதீர்கள்.

என்ஜின்எக்ஸ் இந்தப் பட்டியலின் உச்சியில் வருவது அரிது. ஒரே வொர்க்கர் ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் அமைப்பு அது. வெப் சர்வர் நினைவகத்தைத் தின்கிறது என்று பலரும் சொல்வதில் உண்மையில் தின்பது அதன் பின்னால் உள்ள பிஎச்பி, பைத்தான் அல்லது நோட் பயன்பாடாகவே இருக்கும்.

6. ஒரு வொர்க்கரின் உண்மையான அளவை அளந்து பாருங்கள்

'டாப்', 'பிஎஸ்' காட்டும் ஆர்எஸ்எஸ் அளவைக் கூட்டினால் வரும் தொகை, சில சமயம் சர்வரில் உள்ள மொத்த ராமைவிட அதிகமாக இருக்கும். நூலகங்களும் ஓபிகேஷின் (தொகுத்த பிஎச்பி நிரலைச் சேமிக்கும் கேஷ்) பகிர்வு நினைவகமும் ஒவ்வொரு வொர்க்கரின் கணக்கிலும் முழுமையாகச் சேர்க்கப்படுவதே காரணம். பிஎஸ்எஸ் என்ற அளவு, பகிர்ந்த பகுதியை அதைப் பகிர்ந்துகொள்ளும் பிராசஸ்களின் எண்ணிக்கையால் வகுத்து ஒவ்வொன்றுக்கும் உரிய பங்கை மட்டும் சேர்க்கிறது. நமக்கு வேண்டியது அதுவே.

'எஸ்மெம்' என்ற கருவியை நிறுவி, பிஎச்பி-எஃப்பிஎம் என்ற பெயருக்கு மட்டும் வடிகட்டிப் பார்த்தால் பிஎஸ்எஸ் பத்தி தெரியும். கருவியை நிறுவ முடியாவிட்டால், ப்ராக் கோப்புறையில் அந்தப் பிராசஸ் எண்ணின் கீழுள்ள 'எஸ்மேப்ஸ் ரோலப்' கோப்பில் 'பிஎஸ்எஸ்' என்ற வரியைப் படிக்கலாம்.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். சேவையை ரீஸ்டார்ட் செய்த கையோடு அளந்தால் வொர்க்கர்கள் எடை குறைவாகவே காட்டும். அவை ஓரிரு மணி நேரமாவது உண்மையான வருகையாளர்களைச் சந்தித்த பிறகு, முடிந்தால் கூட்டம் அதிகமான நேரத்தில், குறைந்தது பத்து வொர்க்கர்களை அளந்து சராசரியையும் உச்சத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உச்சம் சராசரியைவிட மூன்று நான்கு மடங்கு இருந்தால் ஏதோ ஒரு குறிப்பிட்ட பக்கம்தான் கனமானது. 10ஆம் படி உங்களுக்கானது.

7. வொர்க்கர்களின் உச்ச எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள்

இதுவரை செய்ததெல்லாம் இந்தக் கணக்குக்காகத்தான். ஒரே நேரத்தில் எத்தனை வொர்க்கர்கள் இருக்கலாம் என்ற வரம்பை அவற்றின் எடையால் பெருக்கினால் வரும் தொகை, தரவுத்தளத்துக்கும் இயக்கமுறைமைக்கும் ஒதுக்கியதுபோக மீதமுள்ள ராமுக்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் இன்றில்லாவிட்டாலும் கூட்டம் வரும் ஒரு நாளில் சர்வர் கட்டாயம் விழும்.

ஓர் எடுத்துக்காட்டு. மொத்தம் 2048 எம்பி. இயக்கமுறைமை, எஸ்எஸ்எச், லாக் சேவைகள், என்ஜின்எக்ஸ் ஆகியவற்றுக்கு 280. தரவுத்தளத்துக்கு 460. கோப்புக் கேஷுக்கும் எதிர்பாராத தேவைகளுக்கும் 300 விட்டுவையுங்கள். இதைச் சேர்க்காமல் கடைசி எம்பி வரை பங்கிடுபவர்கள்தான் இரவு நேர பேக்கப் ஓடும்போது சிக்கிக்கொள்கிறார்கள். மீதி 1008. வொர்க்கர் ஒன்றின் பிஎஸ்எஸ் சராசரி 63 என்றால் 16 வொர்க்கர்கள். நான் இதில் 14 என்று வைப்பேன், ஏனெனில் சராசரியைவிடக் கனமான கோரிக்கைகள் ஒன்றாகச் சேர்ந்து வரும் வேளைகள் உண்டு.

இந்த எண்ணைப் பிஎச்பி-எஃப்பிஎம் பூலின் (ஒரே அமைப்பின் கீழ் ஓடும் வொர்க்கர் குழு) கோப்பில் 'பிஎம் மேக்ஸ் சில்ட்ரன்' என்ற வரியில் எழுதுங்கள். ஒரு சர்வரில் பல தளங்களும் தளத்துக்கொரு பூலும் இருந்தால், 14 என்பது எல்லாப் பூல்களின் கூட்டுத்தொகை. ஐந்து பூல்களில் ஒவ்வொன்றுக்கும் பத்து என்று வைத்துவிட்டுப் பத்துதானே என்று நினைப்பது நான் மிக அதிகமாகப் பார்த்த பிழை. அங்கே உண்மையான வரம்பு ஐம்பது. பொது அமைப்புக் கோப்பிலுள்ள 'பிராசஸ் மேக்ஸ்' வரியில் மொத்த எண்ணை எழுதினால், பூல்கள் தனித்தனியாக என்ன சொன்னாலும் மொத்தம் அதைத் தாண்டாது.

பூலின் இயக்க முறையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்போதும் கூட்டம் உள்ள ஒரே தளம் என்றால், வொர்க்கர் எண்ணிக்கை மாறாத 'ஸ்டாட்டிக்' நல்லது. நினைவகப் பயன்பாடு நிலையாக இருக்கும், கணக்குத் தவறாக இருந்தால் முதல் நாளே தெரிந்துவிடும். எப்போதாவது ஒருவர் வரும் பல சிறு தளங்கள் என்றால் 'ஆன்டிமாண்ட்' பொருத்தம். வேலையில்லாத வொர்க்கர்கள் இயல்பாக 10 நொடிகளில் விலகிவிடும். மற்றவற்றுக்கு, எண்ணிக்கை தேவைக்கேற்பக் கூடிக் குறையும் 'டைனமிக்'.

எண்ணைக் குறைத்தவுடன் பிஎச்பி-எஃப்பிஎம் லாக்கில், மேக்ஸ் சில்ட்ரன் வரம்பை எட்டிவிட்டோம், அதை உயர்த்துவது பற்றி யோசியுங்கள் என்ற எச்சரிக்கை வரலாம். அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு உடனே உயர்த்தினால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள். ஒரு பக்கம் 0.2 நொடியில் உருவானால் 14 வொர்க்கர்கள் நொடிக்கு 70 கோரிக்கைகளை முடிக்கும். அதே பக்கம் 2 நொடி எடுத்தால் வெறும் 7. எச்சரிக்கைக்குக் காரணம் பெரும்பாலும் வொர்க்கர் பற்றாக்குறை அல்ல, பக்கங்களின் மந்தம். 'ரிக்வெஸ்ட் ஸ்லோலாக் டைம்அவுட்' வரியில் 3 நொடி என்று எழுதி, ஸ்லோலாக் கோப்பின் இடத்தையும் குறிப்பிட்டால், எந்தப் பக்கம் எந்த வரியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்பதை அது எழுதித் தரும்.

வரம்பை எட்டிய பின் வரும் கோரிக்கைகள் வரிசையில் காத்திருக்கும். மிக நீண்ட நேரம் காத்திருந்தால் சிலருக்கு 504 பிழை வரும். அது வருத்தத்துக்குரியதே. ஆனால் சில வருகையாளர்கள் காத்திருப்பதற்கும், தரவுத்தளம் கொல்லப்பட்டு அத்தனை பேருக்கும் தளம் இல்லாமல் போவதற்கும் இடையில் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் தயங்காமல் முதலாவதையே தேர்ந்தெடுப்பேன்.

'மெமரி லிமிட்' பற்றியும் ஒரு சொல். பிஎச்பியில் இதன் இயல்பளவு 128 எம்பி. இது முன்கூட்டியே ஒதுக்கப்படும் இடம் அல்ல. ஒரு கோரிக்கை அதற்கு மேல் போகக் கூடாது என்ற எல்லை. ஏதோ ஒரு பிளகின் கேட்டது என்பதற்காகத் தளம் முழுவதற்கும் 512 என்று உயர்த்தினால், 14 வொர்க்கர்கள் சேர்ந்து 7 ஜிபி வரை கேட்க அனுமதி கொடுத்தவர் ஆவீர்கள்.

8. அப்பாச்சி பயன்படுத்துபவர்கள் செய்ய வேண்டியது

'அப்பாச்சிசிடிஎல் -வி' கட்டளையை, 'வி' பெரிய எழுத்தாக இருக்கும்படி, ஓட்டி எம்பிஎம் (வேலையைப் பிராசஸ்களுக்கு அப்பாச்சி பிரித்துக்கொடுக்கும் முறை) எது என்று பாருங்கள். ப்ரீஃபோர்க் என்று வந்தால், பிஎச்பி அப்பாச்சிக்குள்ளேயே மாட்யூலாக ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஒரு சிறு ஐகான் படத்தைக் கொடுப்பதற்குக்கூடப் பிஎச்பியைச் சுமந்த முழுப் பிராசஸ் ஒன்று வேலை செய்கிறது. கீப்அலைவ் நேரமான 5 நொடிகளுக்கு, கோரிக்கை எதுவும் இல்லாமலே அந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டும் நிற்கிறது.

டெபியன் தரும் ப்ரீஃபோர்க் அமைப்பில் 'மேக்ஸ் ரிக்வெஸ்ட் வொர்க்கர்ஸ்' 150. ஒவ்வொன்றும் 60 எம்பி என்றால் 9,000 எம்பி. 2 ஜிபி சர்வரில் இந்த வரியை யாரும் தொடாமல் விட்டிருந்தால் வேறு காரணம் தேடவே வேண்டியதில்லை.

உடனடித் தீர்வு, 7ஆம் படியின் கணக்கின்படி அந்த எண்ணைக் குறைத்து அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்வது. நிலையான தீர்வு, ஈவென்ட் எம்பிஎம்முக்கு மாறிப் பிஎச்பியைத் தனி எஃப்பிஎம் சேவையாக ஓட்டுவது. இதில் வரிசை முக்கியம்: முதலில் பிஎச்பி-எஃப்பிஎம்மை நிறுவி ஓடவிடுங்கள்; அடுத்து அப்பாச்சியின் பிஎச்பி மாட்யூலை முடக்குங்கள்; பிறகு ப்ரீஃபோர்க்கை முடக்கி ஈவென்ட்டையும் ப்ராக்சி எஃப்சிஜிஐ மாட்யூலையும் இயக்குங்கள்; எஃப்பிஎம்முக்கான அமைப்பைச் சேர்த்துக் 'கன்ஃபிக்டெஸ்ட்' ஓட்டி, பிழையில்லை என்று வந்த பின்னரே ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டாம் மூன்றாம் படிகளை இடம் மாற்றினால், பிஎச்பி மாட்யூல் ப்ரீஃபோர்க்கைச் சார்ந்திருப்பதால் கட்டளை மறுக்கப்படும். பழைய ஹெச்டிஅக்சஸ் கோப்புகளில் 'பிஎச்பி வேல்யூ' என்று தொடங்கும் வரிகள் இருந்தால் அவை மாற்றத்துக்குப் பின் 500 பிழை தரும். முன்கூட்டியே தேடி அகற்றுங்கள்.

9. யார் வருகிறார்கள் என்று அக்சஸ் லாக்கில் பாருங்கள்

வொர்க்கர்கள் எந்நேரமும் நிரம்பி வழிகின்றன என்றால் அவற்றை நிரப்புபவர்கள் யார் என்பது அடுத்த கேள்வி. வழக்கமான லாக் வடிவத்தில் வரியின் முதல் சொல் ஐபி முகவரி, ஏழாவது சொல் கேட்கப்பட்ட பாதை. இவை இரண்டையும் 'ஆக்' கொண்டு தனித்தனியாகப் பிரித்து, வரிசைப்படுத்தி, எண்ணிக்கையுடன் பட்டியலிட்டால் முதல் இருபது வரிகளிலேயே படம் தெளிவாகும்.

வேர்ட்பிரஸ் தளங்களில் உள்நுழைவுப் பக்கமும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்பும் பட்டியலின் உச்சியில் வந்தால், கடவுச்சொல் ஊகிக்கும் போட்கள் வந்துகொண்டிருக்கின்றன. எக்ஸ்எம்எல்-ஆர்பிசி உங்களுக்குத் தேவையில்லை என்றால் என்ஜின்எக்ஸிலேயே தடுத்துவிடுங்கள். பிளகின் மூலம் தடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு பிஎச்பி வொர்க்கர் விழித்துத்தான் மறுப்புச் சொல்ல வேண்டும், நினைவகம் மிச்சமாகாது. உள்நுழைவுப் பக்கத்துக்கு 'லிமிட் ரெக்' மூலம் வேக வரம்பு வையுங்கள். தளம் சிடிஎன் (இடையில் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் சேவை) பின்னால் இருந்தால் முதலில் உண்மையான ஐபி லாக்கில் பதிவாகும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சிடிஎன்னையே தடுத்து மொத்தத் தளத்தையும் மூடிவிடுவீர்கள்.

உள்நுழையாத வாசகர்களுக்கு ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப உருவாக்கிக் கொடுப்பதும் வீண் செலவு. என்ஜின்எக்ஸின் ஃபாஸ்ட்சிஜிஐ கேஷை ஒரு நிமிடத்துக்கு வைத்தாலே கூட்டம் வரும்போது பிஎச்பி பக்கம் போகும் கோரிக்கைகள் வெகுவாகக் குறையும். உள்நுழைந்தவர்களின் குக்கி இருந்தால் கேஷைத் தவிர்க்கும் விதியை மறந்துவிடாதீர்கள். ஒருவருடைய கணக்குப் பக்கம் மற்றவருக்குக் காட்டப்படுவது நினைவகப் பிரச்சினையைவிடப் பெரிய ஆபத்து.

10. ஏறிக்கொண்டே போகும் வொர்க்கர்கள்

கிரான் மூலம் 5 நிமிடத்துக்கு ஒருமுறை நேரம், 'அவைலபிள்' அளவு, மிகப் பெரிய பத்துப் பிராசஸ்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். ஒரு நாள் கழித்து அதைப் பார்த்தால் ஏற்றத்தின் வடிவம் புரியும். வொர்க்கர்கள் எல்லாமே மெல்ல மெல்ல, சீராக ஏறினால் அது கசிவு, அதாவது பிடித்த நினைவகத்தைத் திரும்ப விடாமை. ஒன்றிரண்டு மட்டும் திடீரென்று தாவினால் அது கனமான ஒரு கோரிக்கை. தினமும் ஒரே நேரத்தில் தாவினால் அது கிரான் வேலை.

கசிவுக்கு, 'பிஎம் மேக்ஸ் ரிக்வெஸ்ட்ஸ்' வரியில் 500 என்று எழுதினால் ஒவ்வொரு வொர்க்கரும் 500 கோரிக்கைகளுக்குப் பின் விலகிப் புதியது பிறக்கும். இதன் இயல்பளவு 0, அதாவது ஒருபோதும் விலகாது. அப்பாச்சியில் இதற்கு இணையானது 'மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் பெர் சைல்ட்'. பைத்தானின் ஜியூனிகார்னில் 'மேக்ஸ் ரிக்வெஸ்ட்ஸ்', கூடவே எல்லா வொர்க்கர்களும் ஒரே கணத்தில் விலகாமலிருக்க 'ஜிட்டர்' மதிப்பும் கொடுக்க வேண்டும். இவை வலியைக் குறைக்கும் மருந்து மட்டுமே. எந்தப் பிளகின் அல்லது நூலகம் கசிகிறது என்ற தேடலைக் கைவிட வேண்டாம்.

திடீர்த் தாவலுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு வொர்க்கர் 58 எம்பியிலிருந்து ஒரே நிமிடத்தில் 400ஐத் தாண்டியது. அந்த நிமிடத்தின் அக்சஸ் லாக்கில் ஒரு விற்பனை அறிக்கையை எக்செல் கோப்பாக இறக்கும் கோரிக்கை மட்டும் வித்தியாசமாக இருந்தது. நிரலைத் திறந்தால், அட்டவணையின் எல்லா வரிகளையும் ஒரே அரேயில் ஏற்றிய பிறகுதான் கோப்பை எழுதத் தொடங்கியது. ஆயிரம் ஆயிரம் வரிகளாகப் படித்து, படித்ததை உடனே சிஎஸ்வியாக வெளியே எழுதும்படி மாற்றியதும் 70 எம்பிக்குள் முடிந்தது. ராமை எவ்வளவு கூட்டியிருந்தாலும் அட்டவணை வளர வளர அதே பிரச்சினை திரும்பியிருக்கும்.

கிரான் வேலைகளில் இரண்டைக் கவனியுங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் கட்டளை வரியில் ஓடும் பிஎச்பிக்கு 'மெமரி லிமிட்' -1, அதாவது எல்லையே கிடையாது. நீண்ட வேலைகளுக்கு நீங்களாக ஒரு வரம்பைக் கொடுங்கள். முந்தைய ஓட்டம் முடியும் முன் அடுத்தது தொடங்கினால் இரண்டும் சேர்ந்து நினைவகத்தைப் பிடிக்கும்; 'எஃப்லாக்' கொண்டு தொடங்கினால் ஒன்றின் மீது ஒன்று ஏறாது.

11. தரவுத்தளத்தையும் ரெடிஸையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்

இன்னோடிபி பஃபர் பூலின் (தரவுத்தளம் தன் தரவை ராமில் வைத்துக்கொள்ளும் கேஷ்) இயல்பளவு 128 எம்பி. ராமில் 70 அல்லது 80 சதவீதத்தை இதற்குக் கொடுங்கள் என்ற அறிவுரை தரவுத்தளம் மட்டுமே ஓடும் சர்வருக்கு உரியது. பிஎச்பியும் சேர்ந்து ஓடும் 2 ஜிபி விபிஎஸ்ஸில் அதைப் பின்பற்றினால் வொர்க்கர்களுக்கு இடமே மிஞ்சாது. உங்கள் தரவின் மொத்த அளவு 90 எம்பி என்றால் 128ஏ போதும். பல ஜிபி என்றால் 256 முதல் 384 வரை கொடுத்துப் பாருங்கள்.

'மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ்' இயல்பாக 151. பிஎச்பி வொர்க்கர்கள் 14 மட்டுமே என்றால், கிரானுக்கும் நிர்வாகத்துக்கும் சேர்த்து 30 போதும். 'மேக்ஸ் யூஸ்டு கனெக்‌ஷன்ஸ்' என்ற நிலை மதிப்பைப் பார்த்து இதை உறுதி செய்துகொள்ளலாம். சார்ட் பஃபர், ஜாயின் பஃபர் போன்றவை ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியாகப் பிடிக்கப்படுபவை; இணையத்தில் கண்ட பட்டியலை நகலெடுத்து அவற்றை 8 அல்லது 16 எம்பி என்று உயர்த்தியிருந்தால் அந்த வரிகளை நீக்கி இயல்பளவுக்கே திரும்புங்கள். மைஎஸ்க்யூஎல்லில் 'பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா' இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். 1 ஜிபி சர்வரில் அதை அணைப்பது பலன் தரும்.

தரவை நினைவகத்திலேயே வைக்கும் ரெடிஸைக் கேஷாக வைத்திருப்பவர்கள் 'மேக்ஸ்மெமரி' வரியைப் பாருங்கள். 64-பிட் அமைப்பில் இயல்பாக வரம்பு ஏதுமில்லை. 100 எம்பி போன்ற ஓர் எண்ணைக் கொடுத்து, பழையதை வெளியேற்றும் 'ஆல்கீஸ்-எல்ஆர்யூ' கொள்கையையும் சேர்த்து எழுதுங்கள்.

12. ஸ்வாப்பும் வரம்புகளும்

கணக்கைச் சரிசெய்த பிறகுதான் இந்தப் படி. முதலிலேயே ஸ்வாப்பைச் சேர்த்தால் சர்வர் விழுவதற்குப் பதிலாக மணிக்கணக்கில் திணறும், காரணமும் மறைந்துவிடும். ஆயினும் ஸ்வாப்பே இல்லாமல் விடுவதும் சரியல்ல. எப்போதாவது தேவைப்படும் பக்கங்களை ஒதுக்கிவைக்க 1 அல்லது 2 ஜிபி கோப்பு ஒன்று உதவும். கோப்பை உருவாக்குங்கள், உரிமையை 600 ஆக்குங்கள், 'எம்கேஸ்வாப்' ஓட்டுங்கள், 'ஸ்வாப்ஆன்' செய்யுங்கள், எஃப்எஸ்டேப் கோப்பில் வரியைச் சேருங்கள். கடைசிப் படியை விட்டால் அடுத்த ரீபூட்டில் ஸ்வாப் இருக்காது. உரிமையை மாற்றாமல் விட்டால் நினைவகத்திலிருந்து ஒதுக்கப்பட்டதை மற்றப் பயனர்களும் படிக்க முடியும்.

ஸ்வாப்பில் 300 எம்பி பயன்பாட்டில் இருப்பது மட்டுமே கவலைக்குரியதல்ல. 'விஎம்ஸ்டாட் 1' ஓட்டி 'எஸ்ஐ', 'எஸ்ஓ' பத்திகளைப் பாருங்கள். அவை பெரும்பாலும் சுழியமாக இருந்தால் நல்லது. நொடிக்கு நொடி பெரிய எண்கள் வந்தால் வொர்க்கர்கள் இன்னும் அதிகம், 7ஆம் படிக்குத் திரும்புங்கள்.

கடைசிக் காவலாக, பிஎச்பி-எஃப்பிஎம் சேவைக்குச் 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' மூலம் 'மெமரிமேக்ஸ்' வைக்கலாம். எல்லை மீறும்போது தரவுத்தளத்துக்குப் பதிலாக ஒரு பிஎச்பி வொர்க்கர் மட்டும் கொல்லப்படும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு: சேவையின் ஒரு பிராசஸ் ஓஓஎம்மால் கொல்லப்பட்டால் சிஸ்டம்டி இயல்பாக அந்தச் சேவையையே நிறுத்திவிடும். 'ஓஓஎம்பாலிசி' வரியில் 'கன்டினியூ' என்று எழுதினால்தான் மற்ற வொர்க்கர்கள் தொடர்ந்து ஓடும். தரவுத்தளச் சேவைக்கு 'ஓஓஎம்ஸ்கோர்அட்ஜஸ்ட்' வரியில் -600 போன்ற மதிப்பைக் கொடுத்தால் கில்லர் அதை எளிதில் தேர்ந்தெடுக்காது.

13. மாற்றத்துக்குப் பின் எதைப் பார்க்க வேண்டும்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, கூட்டம் மிகுந்த நேரம் ஒன்றாவது கடந்து போகும் வரை காத்திருங்கள். எஃப்பிஎம்மின் நிலைப் பக்கத்தை 'பிஎம் ஸ்டேட்டஸ் பாத்' மூலம் இயக்கி, வெளியிலிருந்து யாரும் பார்க்காதபடி உள் முகவரிக்கு மட்டும் திறந்து வையுங்கள். அதில் 'லிசன் க்யூ' என்பது இப்போது வரிசையில் நிற்கும் கோரிக்கைகள். 'மேக்ஸ் சில்ட்ரன் ரீச்டு' என்பது சேவை தொடங்கியதிலிருந்து வரம்பை எத்தனை முறை எட்டினோம் என்ற கணக்கு.

உச்ச நேரத்திலும் 'அவைலபிள்' 200 எம்பிக்குக் கீழே போகாமல், க்யூவும் பெரும்பாலும் சுழியமாக இருந்தால் எண்கள் பொருந்திவிட்டன. நினைவகம் நிலையாக இருந்தும் க்யூ நீண்டுகொண்டே போனால் ஸ்லோலாக்கையும் பக்கக் கேஷையும் மீண்டும் பாருங்கள். அவை இரண்டையும் செய்து முடித்து, போட்களையும் தடுத்து, வொர்க்கர்கள் அனைவரும் உண்மையான வாசகர்களுக்காகவே உழைத்துக்கொண்டிருக்கும்போதும் க்யூ குறையவில்லை என்றால், அப்போது கூடுதல் ராம் வாங்குங்கள். வாங்கிய அன்றே 7ஆம் படியின் கணக்கைப் புதிய மொத்தத்துடன் மீண்டும் போட்டு 'பிஎம் மேக்ஸ் சில்ட்ரன்' எண்ணை மாற்றுங்கள். அதை மாற்றும் வரை எஃப்பிஎம் பழைய 14 வொர்க்கர்களுடனேயே ஓடிக்கொண்டிருக்கும்.